கழிப்பறைக்கு நாற்பது மதிப்பெண்

அன்புள்ள அரவிந்த்,

நீ அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பட்டியலைச் செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரில் அச்சடித்து வாங்கிவந்தேன். பதினோரு பக்கம். பத்து நாள் பயணம், ஒன்பது இரவு, ஒவ்வோர் இரவுக்கும் மூன்று கேம்ப்கிரவுண்டு, ஒவ்வொன்றுக்கும் முன்பின் தெரியாத யாரோ போட்ட நட்சத்திரங்கள். வாடகைக்கு ஒரு மோட்டார் ஹோம் எடுத்து, நீயும் மருமகள் நித்யாவும் நானுமாக இந்த மைதானங்களில் நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டுத் தங்கி அமெரிக்காவைப் பார்ப்பது உன் திட்டம். "நீயே செலக்ட் பண்ணும்மா, நான் பண்ணா குறை சொல்லுவே" என்று எழுதியிருந்தாய். நியாயமான பேச்சு. ஆனால் போன வாரம் தொலைபேசியில் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாய். அந்த ஊர் பாத்ரூம் எல்லாம் எப்படி இருக்குமோ, எனக்குச் சரிப்படாது என்றேன். நீ சிரித்தாய், நம்பியும் விட்டாய். மாதக் கடைசிக்குள் இடங்களை உறுதி செய்ய வேண்டும், அத்தை வராவிட்டால் பயணமே வேண்டாம் என்று நித்யா சொல்கிறாள் என்றாய்.

நான் சொன்ன காரணம் பொய். அறுபத்தெட்டு வயதில் பெற்ற பிள்ளையிடம் சொன்ன பொய் நாலு நாளாக உறுத்துகிறது. உண்மையான காரணத்தைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கை வருகிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கடிதம். நான் வருவதா, வேண்டாமா என்பதை இதை எழுதி முடிப்பதற்குள் முடிவு செய்துவிடுவேன். அதற்கு முன்னால் உன் பட்டியலைத் திருத்த வேண்டியிருக்கிறது. தவறைக் கண்டுவிட்டுத் திருத்தாமல் தாண்டிப் போக எனக்குக் கான்வென்டில் சொல்லித்தரவில்லை.

முதலில் நட்சத்திரம். ஓர் இடத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டவர் அதற்குக் கொடுத்த காரணம், ஏரியில் சூரியன் மறைவது அழகாக இருந்ததாம். சூரியன் எங்கும்தான் மறைகிறது. அந்த மைதானத்தில் குழாயில் தண்ணீர் எத்தனை மணி வரை வருகிறது, வண்டி நிற்கும் தரை மட்டமாக இருக்கிறதா, குப்பையை எங்கே கொட்டுகிறார்கள் என்று அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. நம் வீட்டில் மதிப்பெண் அப்படியா போட்டோம்? உன் அப்பா, கடலோர ஆராய்ச்சி நிலையத்தில் ஏலம் விட்ட பழைய வெள்ளை வேனை வாங்கிவந்து, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு பலகைக் கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, கூரையில் ஒரு தண்ணீர்த் தொட்டி என்று பொருத்தினாரே, அந்த வேனில் முதல் பயணம் கிளம்பும்போதே நான் ஒரு நீள நோட்டில் கோடு போட்டுவிட்டேன். கழிப்பறைக்கு நாற்பது, தண்ணீருக்கு இருபது, நிழலுக்குப் பதினைந்து, அக்கம்பக்கத்துக்குப் பதினைந்து, ஒலிபெருக்கி இல்லாமைக்குப் பத்து. ஆக நூறு. அறுபதுக்குக் கீழே ஃபெயில். வேனை நிறுத்தியதும் நான் மட்டும் இறங்கிச் சுற்றிப் பார்ப்பேன். அவர் இன்ஜினை அணைக்கமாட்டார். நான் திரும்பி வந்ததும் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடியே, "பாஸா, ஃபெயிலா?" என்பார். பெரும்பாலும் கியரைப் போட வேண்டியதுதான்.

நம் ஊரில் கேம்ப்கிரவுண்டு என்று பலகை மாட்டிய இடம் ஏது? கோயில் குளக்கரை, கல்யாண மண்டபத்தின் பின்புறம், தோப்பு, லீவு விட்ட பள்ளிக்கூட மைதானம். எங்கே கேட்டாலும் ஆண்கள் "தாராளமா நிறுத்திக்குங்க" என்பார்கள். அவர்களுக்கு வேன் நிற்க இடம் இருந்தால் போதும். ஓர் இடத்தைப் பற்றி அங்கே தண்ணீர் எடுக்கும் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். பம்பு எத்தனை மணிக்கு நிற்கும், எந்தப் பக்கம் பாம்பு, எந்த வீட்டுக்காரன் வாய்க்காரன் என்பதெல்லாம் அவள் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவாள். அமெரிக்காவிலும் யாராவது ஒரு பெண் எங்காவது தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் இருப்பாள். இணையத்தில் தேடுவதை விட்டுவிட்டு அவளுக்குத் தொலைபேசி செய்.

தரை மட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா வேனுக்குள் தரையில் ஒரு தட்டை வைத்து, அதில் தண்ணீர் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துச் சக்கரத்துக்கடியில் பலகை கொடுப்பார். இன்ஜினீயர். முக்கால் மணி நேரம் கொடுப்பார். ஒருமுறை பசி தாங்காமல் நான் அந்தத் தட்டிலேயே ரசம் சாதத்தைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். ரசம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. "இன்னும் அரை இன்ச்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி இறங்கிப் போனார். உன் பட்டியலில் நான்காம் நாளின் முதல் இடம் மலைச்சரிவில் இருக்கிறது. அடித்துவிட்டேன்.

நான் போட்ட மதிப்பெண்களும் தப்பாகப் போயிருக்கின்றன. மாமல்லபுரத்தில் ஊருக்குச் சற்று வெளியே, புங்க மரங்களின் நிழலில் ஓர் இடம் பார்த்தோமே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு சத்தம் இல்லை. பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை, உள்ளே பாதி முடிந்த நாலைந்து பிள்ளையார்கள். சாமி இருக்கும் இடம் என்று அக்கம்பக்கத்துக்குப் பதினைந்துக்குப் பதினைந்து போட்டேன். என் நோட்டில் அந்த முழு மதிப்பெண் ஒருமுறைதான் உண்டு. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இருபது உளிகள் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன. நான் இறங்கிப் போய், கொட்டகைக்காரரிடம் இது எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேட்டேன். அவர் உளியை நிறுத்தவே இல்லை.

"ஆறு மணிக்கும்மா."

"சாயங்காலம் ஆறுக்கா?"

"பின்ன? ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டு அமைதியா கீதுன்னு நெனச்சிகினியா? எங்களுக்கு இந்த சத்தமே கேக்காதும்மா. நீயும் ஒரு பத்து வருசம் இங்க குந்திகினு இருந்தின்னா ஒனக்கும் கேக்காது."

உன் அப்பா வேனுக்குள் திரும்பிப் படுத்துச் சிரித்ததை நான் பார்த்தேன். நீயும்தான் சிரித்தாய். அதனால் சொல்கிறேன், உன் பட்டியலில் இரண்டு இடங்களுக்கு எல்லா நட்சத்திரமும் விடுமுறை நாளில் போடப்பட்டவை. வேலை நாளில் அங்கே என்ன நடக்கிறது என்று விசாரி. பக்கத்தில் ரயில் பாதை இருக்கலாம்.

திருக்கழுக்குன்றத்தை நீ மறந்திருக்கமாட்டாய். மலைக் கோயிலுக்குக் கழுகு பார்க்கப் போகும் கூட்டம், அடிவாரத்தில் நம் வேன். வெள்ளை வேன், ஜன்னலில் நான் தைத்த பச்சைத் திரை, உள்ளே கட்டில். நான் வெளியே மடக்கு நாற்காலியில் கண்ணாடி போட்டுக்கொண்டு நோட்டில் மதிப்பெண் எழுதிக்கொண்டிருக்கிறேன். தலையை நிமிர்த்தினால் இடுப்பில் குழந்தைகளோடு பன்னிரண்டு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

"டாக்டரம்மா, சொட்டு மருந்து இன்னா நேரத்துக்கு ஆரம்பிப்பீங்க?"

நான் டாக்டர் இல்லை, இது மருந்து வண்டி இல்லை என்றேன். அந்தப் பெண் பின்னால் திரும்பி, "மருந்து தீந்துட்ச்சாம், அத்த சொல்ல மாட்டேங்குது" என்றாள். வரிசை நீண்டதே தவிரக் கலையவில்லை. உன் அப்பா, யாரையும் வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத மனிதர், வேனுக்குள்ளிருந்து மாரி பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அது அடுத்த இரண்டு நாளுக்கான பிஸ்கட். ஆளுக்கு ஒன்று கொடுத்தார். நீ வரிசையை ஒழுங்குபடுத்தினாய். கொடுக்கிறதுதான் கொடுக்கிறோம், அழுக்குக் கையிலா கொடுப்பது என்று எனக்குத் தோன்றியது. கான்வென்டில் காலை மணி அடித்ததும் சிஸ்டர் எங்கள் நகத்தைப் பார்த்த மாதிரியே நான் ஒவ்வொரு குழந்தையின் நகத்தையும் பார்த்தேன், நகவெட்டியை எடுத்தேன், தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை சொன்னேன். இரண்டு என்றா சொன்னேன், அரை மணி நேரம் சொன்னேன். போகும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம், "போன தபா வந்த டாக்டரம்மா இவ்ளோ திட்டல, அவங்களே தேவல" என்றது காதில் விழுந்தது. அந்த இடத்துக்கு நான் போட்டது ஐம்பத்தெட்டு. ஃபெயில்.

இதையெல்லாம் எழுத எனக்குச் சுகமாக இருக்கிறது. அதனால்தான் நீளமாகப் போகிறது. அடுத்ததை எழுதச் சுகமில்லை.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு அவருடைய தேர்வு கெட்டுப்போனது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவரை எந்த இடம் என்றாலும் சரி என்றவர், திடீரென்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தலாம் என்பார். பெட்ரோல் பங்கிலேயே தங்கலாம் என்பார். புகையும் ஹாரனுமாக இருக்கும் இடத்தைக் காட்டி, "இதுக்கென்ன குறைச்சல்?" என்பார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன், அவர் முகத்துக்கு நேராகவே சொல்லவும் செய்தேன். கடைசிப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் தனியாக ஸ்கூட்டரில் கிளம்பி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சவுக்குத் தோப்பைப் பார்த்துவிட்டு வந்தார். அவராகப் போய் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை. நான் அந்தத் தோப்பில் இறங்கி நேராகக் கழிப்பறைக்குப் போனேன். தாழ்ப்பாள் இல்லை, ஒரு கயிறு. வாளியில் விரிசல். சுவரில் யாருடைய பெயரோ கரியால் எழுதியிருந்தது. நாற்பதுக்குப் பதினொன்று.

தோப்புக்காரர் வயதானவர், என் பின்னாலேயே வந்தார். "இன்னாமா, இதுல இன்னா கொறச்சல்? எங்க வூட்டு ஆளுங்க எட்டு பேரு இதுலதான் போய்கினு வராங்க. ஒருத்தரும் மார்க்கு போடல." பிறகு அவர் சொன்னதை நான் அப்போது காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. "சாருக்கு ரொம்ப புட்ச்சிருந்துதும்மா. போன வாரம் வந்து வேனு நிக்கிற எடத்துலேந்து கதவு வரிக்கும் காலாலயே அளந்துகினு இருந்தாரு. பதினாலு அடின்னு சொல்லி சொல்லி சிரிச்சாரு."

இன்ஜினீயர், எதையாவது அளப்பார் என்று விட்டுவிட்டேன். வேனுக்கு வந்தேன். அன்று அவர் இன்ஜினை அணைத்து வைத்திருந்தார். "ஃபெயில்" என்றேன். "இந்த ஒரு தடவை கிரேஸ் மார்க் போடேன்" என்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே கிரேஸ் மார்க். நோட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று நான் சொன்னேன். அவர் வண்டியை எடுத்தார். பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு விடுதியின் மைதானத்தில் இடம் கிடைத்தது. வெள்ளை டைல்ஸ், சோப்பு, கண்ணாடி. நாற்பதுக்கு முப்பத்தெட்டு. வேனிலிருந்து போகவர அரை ஃபர்லாங். அந்த இரண்டு நாளும் அவர் அந்தப் பாதையில் எத்தனை முறை நடந்தார் என்று நான் எண்ணவில்லை. காலாற நடக்கப் போகிறேன் என்பார். இந்த வயதில் என்ன திடீர் உடற்பயிற்சி என்று கேலி செய்தேன்.

அவர் போனது மாரடைப்பால். அந்த நடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து, வேனை விற்பதற்காக டாஷ்போர்டைத் துடைத்தபோது உள்ளே மாத்திரைச் சீட்டு கிடைத்தது. மூன்று வருடச் சீட்டு. சிறுநீர் அடக்க முடியாமல் போகும் ஆண்களின் தொந்தரவுக்கு. சீட்டுகளின் பின்னால் எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று எழுதியிருந்தது உன் கையெழுத்தில். அப்போது நீ சிறுசேரியில் வேலை பார்த்தாய், வேலை முடிந்து வரும் வழியில் நீதான் அவரை டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறாய். அம்மாவிடம் சொல்லாதே என்று அவர் சொல்லியிருப்பார், நீ சொல்லவில்லை. உன்னை நான் குறை சொல்லவில்லை. இத்தனை நாள் அதைப் பற்றி உன்னிடம் கேட்காததும் நான்தான். முப்பத்தைந்து வருடம் என்னோடு வாழ்ந்த மனிதர் என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு தோப்பில் போய்க் காலால் பதினாலு அடி அளந்திருக்கிறார். அவருக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் நான் நோட்டோடு நின்றிருக்கிறேன்.

இப்போது என் விஷயம். அரவிந்த், எனக்கும் அதே மாதிரி ஒரு தொந்தரவு வந்துவிட்டது. ஒன்றரை வருடமாகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை, சில சமயம் அதுவும் இல்லை. முட்டி வேறு ஒத்துழைப்பதில்லை, வேகமாகப் போகவும் முடியாது. ஊருக்குப் போகும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. பேருந்தில் ஏறுவதையே குறைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கழிப்பறைக்கு மார்க் போடுகிறவள் என்ற பெயர் எனக்கு நல்ல மறைப்பாக இருக்கிறது. போன மாதம் சிறுசேரி பக்கம் உன் சித்தி மகள் வாங்கிய ஃப்ளாட்டின் கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டேன். வெளியே வந்தபோது அந்தப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். "பெரியம்மா, டைல்ஸ் சரியில்லையா? மூணு தடவை செக் பண்றீங்களே." எண்பது போடலாம், குழாய் மட்டும் கொஞ்சம் சொட்டுகிறது என்றேன். மறுநாளே பிளம்பரை வரவழைத்துவிட்டாள். குழாய் சொட்டவே இல்லை, பாவம், அவளிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மோட்டார் ஹோமுக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறது என்று நீ படம் அனுப்பியிருந்தாய். பார்த்தேன். சாப்பாட்டு மேஜையிலிருந்து இரண்டடி தள்ளி, அட்டை மாதிரி ஒரு கதவு. கல்யாணமாகி எட்டு மாதமான மருமகள் அந்த மேஜையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்க, மணிக்கு ஒருமுறை நான் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போய், தண்ணீர் மோட்டார் சத்தம் எல்லோருக்கும் கேட்க, வெளியே வர வேண்டும். பாத்ரூம் எப்படி இருக்குமோ என்ற பயம் எனக்கு இல்லை. நான் எப்படித் தெரிவேனோ என்ற பயம். அவள் என்னைப் பார்க்கும்போது முதுகை நிமிர்த்தி உட்காருகிறாள், புடவை மடிப்பைச் சரி செய்கிறாள். அந்த மரியாதையை ஓர் அட்டைக் கதவுக்குப் பின்னால் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் பொய் சொன்னேன். உன் அப்பா என்னிடம் கூச்சப்பட்ட மாதிரியே நான் அவளிடம் கூச்சப்பட்டு, வேறொரு வேனுக்குள் மாத்திரைச் சீட்டை ஒளிக்கப் பார்த்தேன். சொன்ன மறுநிமிடமே அது எனக்குத் தெரிந்தது. ஒப்புக்கொள்ள நாலு நாள் ஆயிற்று.

எனவே எழுதிக்கொள். நான் வருகிறேன். இடங்களை மாற்றியிருக்கிறேன். ஏரிக்கரை இடத்தில் கழிப்பறைக் கட்டடம் மைதானத்தின் மறு கோடியில் இருக்கிறது, சூரியன் அங்கே நாம் இல்லாமலே மறையட்டும். அதற்குப் பதில் துணி துவைக்கும் அறைக்குப் பின்னால், இரண்டே நட்சத்திரம் வாங்கிய ஒன்று இருக்கிறதே, அதன் வரைபடத்தில் ஏழாம் எண் இடம், கழிப்பறைக்கு நேர் எதிரே. அதை எடு. ஒவ்வோர் ஊரிலும் அப்படி ஓர் இடம் கேள், அழகில்லாத இடம் என்பதால் காலியாகத்தான் இருக்கும். வண்டியின் படிக்குக் கீழே வைக்க ஒரு சிறிய பலகை வேண்டும், முட்டிக்கு. ஒரே ஓட்டமாக மூன்று மணி நேரம் ஓட்டும் உன் வழக்கம் இந்தப் பத்து நாளுக்கு வேண்டாம்.

இந்தக் கடிதத்தை நீ படித்துவிட்டு நித்யாவுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாய். வேண்டாம். அவள் கையில் கொடு, முழுதும் அவளே படிக்கட்டும். படித்த பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று இல்லை, பேசக் கூடாது என்றும் இல்லை. எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், அது என் பாடு. இன்னொன்று. வழியில் வண்டியை நிறுத்து என்று நான் சொன்னால், உடனே நிறுத்திவிட்டு, ஏன் என்று இரண்டு பேரில் யாராவது கேளுங்கள். சொல்கிறேன்.

அம்மா